மாஸ்ரரின் கொப்பி

நாங்கள் பாசையூரில் வளர்ந்த பொடியள். அப்பாமார் கடலுக்கும் அம்மாமார் சந்தைக்கும் போய்விட, எங்களைக் கட்டி மேய்த்தவர் அந்தோனியார் கோயிலில் பாட்டுப் பழக்கிய மாஸ்ரர். அவர் குருவானவர் இல்லை, ஓய்வுபெற்ற வாத்தியார். அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதப் போவதில்லை. அதனால் நாங்கள் எழுதி வைக்கிறோம்.

தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்க எங்களைப் பழக்கியவர் அவர்தான். 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதியது. பழைய தமிழ், எங்களுக்கு நாக்குப் புரளாது. "அவசரப்படாதையுங்கோ. அழுகிறவனுக்கு என்ன அவசரம்?" என்பார். பிறகு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தமிழ் படித்தோம். அதற்கு மேல் படிக்கக் காலம் விடவில்லை. அங்கேயும் ஒரு வசனத்தில் எங்கே மூச்செடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் மாஸ்ரரை நாங்கள் மறக்காமல் இருப்பது பாட்டுக்காக அல்ல, அவருடைய சீ.ஆர். கொப்பிக்காக. நவம்பர் 2, மரித்த ஆத்துமாக்களின் நாளில் ஊரில் செத்தவர்களின் பெயர்களை அதிலிருந்து எங்களை வாசிக்க வைப்பார். கடலில் போனவர்கள், ஷெல் விழுந்து செத்தவர்கள், ஒரு பகுதியார் சுட்டவர்கள், மற்றப் பகுதியார் சுட்டவர்கள், எல்லாரும் செத்த திகதிப்படி ஒரே வரிசையில் இருந்தார்கள். யார் எதற்காகச் செத்தார் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. சில பெயர்களை வாசிக்க வேண்டாமென்று இரண்டு பக்கத்தாரும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். "கோயிலிலை அந்தக் கணக்குப் பாக்கிறேல்லைத் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் எங்களை வாசிக்கச் சொன்னார். எங்களுக்குக் கால் நடுங்கியது.

2006 ஓகஸ்ட் 11இல் முகமாலைப் பாதை பூட்டுப்பட்டது. யாழ்ப்பாணம் ஊரடங்குக்குள் போனது. 13ஆம் திகதி அல்லைப்பிட்டியில் பிலிப்பு நேரியார் கோயிலில் அடைக்கலம் தேடியிருந்த சனம் எறிகணை வீச்சில் செத்தது. 20ஆம் திகதி அந்தப் பங்கின் குருவானவர் ஜிம் பிறவுண் அடிகளார் தன்னோடு போனவருடன் காணாமல் போனார். திரும்பி வரவேயில்லை. அந்த மாதங்களில் எங்கள் வயதுப் பொடியளும் ஒவ்வொருவராய்க் காணாமல் போனார்கள்.

நவம்பர் வந்தபோது அவர்களின் பெயர்களையும் வாசிப்போமா என்று கேட்டோம். மாஸ்ரர் கோபித்துக்கொண்டார். "காணாமல் போனவனைச் செத்தவன் எண்டு வாசிக்க எங்களுக்கு ஆர் உரிமை தந்தது? தாய்மார் முன்வாங்கிலை இருக்கினம்." கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புதிதாக எழுதத் தொடங்கினார். அந்தப் பெயர்களைப் பயணம் போனவர்களுக்கான மன்றாட்டில் வாசித்தோம். ஒரு தாய் அன்றைக்குத்தான் முதன்முதலாய்ச் சத்தம் போட்டு அழுதார்.

இப்போது நாங்கள் ஜேர்மனியில், றெஸ்ரோறன்ற் குசினிகளில் கோப்பை கழுவுகிறோம், பீற்சா போடுகிறோம். ஒவ்வொரு ஓகஸ்டிலும் கெவலார் மாதாவிடம் ஆயிரக்கணக்கில் தமிழர் கூடுகிறார்கள், சைவக்காரரும் வருகிறார்கள். அங்கேயும் மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டே, செத்தவர் எந்தப் பக்கம் என்று விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் கேட்டால் மாஸ்ரர் சொன்னதைத்தான் சொல்கிறோம். சிலர் அதோடு எங்களுடன் கதைப்பதை விட்டுவிட்டார்கள்.

மாஸ்ரர் 2017இல் காலமானார். எங்கள் அகதிப் பாஸ்போட்டில் இலங்கை தவிர்ந்த நாடுகளுக்குத்தான் அனுமதி. செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. கொப்பி யாரிடம் என்று அம்மாவிடம் கேட்டோம். அவரிடம் பாட்டுப் பழகிய பிள்ளையொன்று வாசிக்கிறதாம். மாஸ்ரரின் பெயர் முன்பக்கத்தில் சேர்ந்துவிட்டது. நாங்கள் வெளிக்கிட்ட வருடம் அவர் தன் கையால் பின்பக்கத்தில் எங்கள் பெயர்களையும் எழுதியிருந்தாராம். அதை இன்னும் வெட்டவில்லை என்றார் அம்மா.