மர்பி டவுனும் ஜப்பான் சீஸ்கேக்கும்

சிங்கப்பூர்ல ஆறு வருஷம் குப்பை கொட்டிட்டு பெங்களூரு வந்தாச்சு மக்களே. அல்சூர் பக்கத்துல மர்பி டவுன்ல வீடு. மார்க்கெட்ல தமிழ்லயே பேரம் பேசலாம், தங்கமணி ஹேப்பி. ராத்திரி ரயில் ஏறினா காலைல நம்ம ஊர். பொண்ணு மட்டும், "ஆடுற கேக் எங்கப்பா?"ன்னு ஒரே நச்சரிப்பு.

அது ஜப்பான் சீஸ்கேக். கிரீம் சீஸ், பால், மஞ்சள் கரு, கொஞ்சம் மாவு. வெள்ளைக் கருவை நுரை பொங்க அடிச்சுச் சேர்த்து, வெந்நீர்த் தட்டுல வெச்சு அவன்ல வேகவைப்பாங்க. பாதி கேக், பாதி இட்லி! ஒசாகாவுல ரிக்குரோ ஓஜிசான் கடையில சூடா எடுத்ததும் மணி அடிப்பாங்க.

இங்க அய்யங்கார் பேக்கரியில தேடாதீங்க. பாரம்பரியமா அங்க முட்டை சேர்க்க மாட்டாங்க. இது எழும்பறதே முட்டை நுரையாலதான். இந்திராநகர் 100 அடி ரோடு, 12-வது மெயின் கேக் கடைகள்ல விசாரிங்க. வெறுமனே "சீஸ்கேக்"னா பிஸ்கட் அடிபோட்டு ஃப்ரிட்ஜ்ல உறைய வெச்சது வரும். "ஜப்பனீஸ் காட்டன்"னு சொல்லுங்க, முன்னாடியே ஆர்டர் குடுங்க. முட்டை சாப்பிடாத பாட்டி வீட்ல இருந்தா, முட்டையில்லாத சீஸ் டார்ட் செய்வாங்களான்னு கேளுங்க.

"ஊருக்குப் போறோம்னு சொன்னீங்களே, இது யாரோட ஊரு?"ன்னு ஒருநாள் கேட்டா. எனக்கு ஊர்னா கருவாட்டுக் குழம்பு வாசனை. அவளுக்கு அந்த கேக். ரெண்டுமே ஊர் ஏக்கம்தானே? அதான் தேடி அலையறேன்.