தட்டிப் பார்த்து வாங்கு, மாப்பிள்ளை

ஸ்ரீமுஷ்ணம்,
மாசி மகம் கழிந்த மூன்றாம் நாள்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய மூன்று படகின் போட்டோவையும் உன் அத்தைக்குக் காட்டினேன். அக்காவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. போனில் பேசினால் நீ வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பாதிப் பேச்சு நின்றுவிடுகிறது. இது அப்படிப் பாதியில் விடுகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வருஷமும் பூவராகப் பெருமாள் பின்னாலேயே கிள்ளைக்குப் போய் வந்தேன். தைக்காலில் எப்போதும்போல முஸ்லிம் பெரியவர்கள் மாலையோடு நின்று பெருமாளை வரவேற்றார்கள். தீர்த்தவாரி முடிந்து கரையில் நிற்கும்போது உன் ஞாபகம்தான். நாலு வயதில் உனக்கு முதன்முதலாகக் கடல் காட்டியது அந்தக் கரையில். என் தோளில் உட்கார்ந்துகொண்டு, தூரத்தில் போன கட்டுமரத்தின் பாயைக் காட்டி, "மாமா, அது யார் வீட்டு வேட்டி?" என்று கேட்டாய். இப்போது கட்டுமரமும் குறைந்துவிட்டது, பாயும் இல்லை. எல்லாம் ஃபைபர் போட்டும் என்ஜினும்தான். அந்தப் பிள்ளை சவுத்தாம்டனில் பாய்மரப் படகு வாங்கப் போகிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும், சொல். அதனால் உன்னைத் தடுக்க எழுதவில்லை. தப்பான படகை வாங்கிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

உன் கையில் இருப்பது ஐயாயிரம் பவுண்டு. முதலில் அந்த முப்பதடிப் படகை விட்டுவிடு. மூன்று வருஷமாகக் கரையில் கிடக்கிறது, டீசல் என்ஜின் ஓடவில்லை என்று விற்கிறவரே எழுதியிருக்கிறார். புது என்ஜின் வாங்கிப் பொருத்துகிற செலவில் நீ பார்த்த மற்ற இரண்டு படகையும் வாங்கிவிடலாம். அதோடு படகு கட்டி வைக்கிற இடத்துக்கு நீளத்தைப் பார்த்துத்தான் வாடகை போடுவார்கள். அடி கூடக்கூட பாய் பெரிது, கயிறு தடிமன், அடியில் பாசி பிடிக்காமல் அடிக்கிற பெயிண்டும் அதிகம். வருஷா வருஷம் வருகிற செலவு இது.

மீதி இரண்டில் 26 அடி வெஸ்டர்லி சென்டாரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1969-இலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். ஏரா என்கிற அடிக்கட்டை இதற்கு ஒன்றுக்கு இரண்டு. உங்கள் ஊரில் கடல் நாலு மீட்டர் வரை ஏறி இறங்குகிறதாமே, நம் கிள்ளையில் ஒரு மீட்டர் வந்தாலே பெரிது. தண்ணீர் வற்றினால் இந்தப் படகு சாயாமல் இரண்டு காலில் சேற்றில் நிற்கும். அதனால் வாடகை குறைந்த சேற்றுத் துறையிலேயே கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆரம்பத்தில் கட்டினவற்றில் ஏரா உடம்போடு சேருகிற இடம் பலவீனம் என்கிறார்கள். அதைப் பலப்படுத்தியிருக்கிறார்களா என்று கேள். பலப்படுத்தவில்லை என்றால் வேண்டாம்.

என் மனசு 21 அடி காரிபீயில் இருக்கிறது. எலன் மக்ஆர்தர் என்கிற பெண், இருபது வயதுகூட ஆகாதபோது, 1995-இல் அதே ரகப் படகில் தனியாகவே பிரிட்டனைச் சுற்றி வந்திருக்கிறாள். நீ ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்புவதற்கு அது போதும். அவுட்போர்டு என்ஜின் கெட்டால் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். கடலூர் முதுநகரில் ஃபைபர் போட் கட்டுகிற பட்டறையில் இருபது வருஷம் இருந்தவன் நான். மோல்டில் ஜெல்கோட் அடித்து, மேட் விரித்து, ரெசின் ஊற்றி, ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். ரோலர் போடுகிறவன் கை சோர்ந்தால் உள்ளே காற்று நின்றுவிடும். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். சுனாமிக்குப் பிறகு நம் கரையில் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த படகுகளில் எத்தனையோ அப்படி வந்தவைதான். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, மாப்பிள்ளை. காதால்தான் முடியும். உன் அப்பா விருத்தாசலம் செராமிக்கில் இருந்தபோது, சூளையிலிருந்து இறக்கிய ஃபியூஸ் கட்டையை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? நல்லது கணீர் என்னும். விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும். அதே வேலைதான். ஸ்குரூ டிரைவர் பிடியால் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போ. மேல்தளத்தில் கம்பிக்கால், கொக்கி இதெல்லாம் போல்ட் போட்ட இடங்களைச் சுற்றி இன்னும் நெருக்கமாகத் தட்டு. மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே மரம் வைத்துக் கட்டுவது வழக்கம். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அது உள்ளேயே உளுத்துப்போகும்.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததில் என் சிநேகிதன் ஒருவன் படகை இழந்தான். அடுத்த மாசமே ஒரு பழைய படகு விலைக்கு வந்தது, என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனான். புதுசாக நீலப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். என்ஜினை ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. வாங்கு என்றேன். என்ஜின் தொங்குகிற பின்பலகையை நான் தட்டிப் பார்க்கவே இல்லை. மூன்றாவது மாசம் முகத்துவாரத்தில் அலை ஏறும்போது அந்தப் பலகை என்ஜினோடு பிய்ந்துகொண்டு போனது. வெறும் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மிதந்து கரை சேர்ந்தான். உள்ளே வைத்திருந்த பிளைவுட் ஊறின ரொட்டி மாதிரி கையோடு வந்தது. அவன் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த நீல நிறத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

அடிப்பகுதியில் கொப்புளம் இருந்தால் பயப்படாதே. குத்தினால் புளித்த காடி வாசனையோடு தண்ணீர் வரும். அது படகை மூழ்கடிக்காது, விலையைக் குறைத்துக் கேட்க உதவும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பழைய பனியன் துணியால் மேலிருந்து கீழே துடை. எங்காவது துணி மாட்டி இழுத்தால் அந்த இழை அறுந்திருக்கிறது. கம்பி பத்து வருஷத்துக்கு மேல் பழசு என்றால் மாற்றுகிற செலவை விலையில் கழிக்கச் சொல். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிற வால்வு ஒவ்வொன்றையும் உன் கையாலேயே திருகிப் பார். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போ. மெத்தையைத் தூக்கி, மூலையில் கையை விட்டுத் தடவு. ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதே. அங்கே சின்னப் படகுகளுக்கு இருக்கும் பதிவு, படகு அவருடையதுதான் என்பதற்கு அத்தாட்சி ஆகாதாம்.

படகுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஒரு பவுண்டும் கொடுக்காதே. மீதி அப்படியே இருக்கட்டும். இன்சூரன்ஸ், கயிறு, லைஃப் ஜாக்கெட், கட்டுத்துறை வாடகை, கிரேன் வைத்துத் தூக்கி அடிப்பெயிண்ட் அடிக்கிற கூலி எல்லாம் வரிசையில் நிற்கும்.

பிறர் ஓட்டிக் கழித்த படகா என்று உன் சிநேகிதர்கள் கேட்டதாக எழுதியிருந்தாய். 32 அடிப் படகில் உலகத்தையே சுற்றி வந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்கிற அமெரிக்கர், வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டி ஓட்டிக்கொண்டிருந்த 'அன்னபூரணி'யைத்தான் தேடிப் பிடித்து வாங்கினார். மனைவி ஃப்ளாரன்ஸ் பெயரை அதற்கு வைத்தார். நம் தமிழ் மாலுமிகள் அதை 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த மனிதருக்குப் படகு தெரியும். பழசு என்று அவர் தயங்கவில்லை.

காரிபீயின் உடம்பு சரியாக இருந்தால் இப்போதே பேசு. இல்லையென்றால் ஐப்பசி வரை பொறு. குளிர்காலத்துக்குக் கரையேற்றி வைக்கிற செலவுக்குப் பயந்து நிறையப் பேர் அப்போது விலை இறங்குவார்கள். அதுவரை யாராவது படகில் கயிறு பிடிக்க ஏறிக்கொள். காற்றைத் தோலால் அறிந்துகொண்டு பிறகு சொந்தப் படகில் உட்காரலாம்.

சனிக்கிழமை பார்க்கப் போகிறேன் என்றாயே, அங்கே காலை பத்து மணிக்குக் கூப்பிடு, இங்கே மூன்றரை ஆகியிருக்கும். வீடியோ வேண்டாம். பார்த்தால் என் கண் மறுபடி பெயிண்டிலேயே போய் நிற்கும். போனைப் படகோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நான் சொல்கிற இடத்தில் மட்டும் தட்டு, போதும். அந்த நேரத்தில் தெருவில் அரவம் இருக்காது. நான் கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் மாமா