மூலைக்காரன் கால்

நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் பொங்கலுக்கு மின்னொளி கபடி நடக்கும்போது, கயிற்றுக்கு வெளியே நிற்கிறவர்களிடையே ஒரு வழக்கு ஓயாமல் ஓடும். பாடிப் போகிறவனுக்குக் கால்பலம் அதிகமா, மூலையில் நின்று பிடிக்கிறவனுக்கா?

இதே கேள்வியை ரக்பி ஆடும் நாடுகளில் கருவி வைத்தே அளக்கிறார்கள். அங்கே அணியின் 15 பேரில் 8 பேர் ஃபார்வர்டுகள். ‘ஸ்க்ரம்’மில் எதிரணியின் எட்டுப் பேரோடு தோள் முட்டித் தள்ளுகிற கனத்த ஆட்கள். மீதி 7 பேர் ஓட்டக்காரர்கள். மொத்தக் கால்பலத்தில் பொதுவாக ஃபார்வர்டுகளின் கைதான் ஓங்கும். ஆனால் உடல் எடையால் வகுத்துப் பாருங்கள். 120 கிலோ ஆள் 200 கிலோவைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுந்தால், தன் எடையைப்போல 1.67 மடங்கு. 80 கிலோ ஆள் 150 கிலோவோடு எழுந்தால் 1.88 மடங்கு. உடம்பு பெருக்கிற அளவுக்குத் தசையின் பலம் பெருகுவதில்லை.

கபடிக்கு இந்த இரண்டு கணக்கும் போதாது என்பேன். பாடி வருகிறவன் ஒரு காலை எட்டி நீட்டும்போது முழு உடம்பும் ஊன்றிய காலில் நிற்கிறது. மூலைக்காரன் குதிகால் தரையில் படாமல் குனிந்திருக்கிறான். கணுக்கால் கையில் சிக்கிய மறுகணம், பாய்ந்து வந்த வேகம் அத்தனையையும் அவன் தொடை வாங்கி நிறுத்த வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் வலது மூலையில் நின்று பிடித்தார். 2016இல் அவர் தலைமையில்தான் பாட்னா அணி புரோ கபடிக் கோப்பையை வென்றது. தள்ளும் பலத்தைவிட நிறுத்தும் பலமே இந்த ஆட்டத்தில் பெரிது.

அந்த வேலையில் பெரும்பங்கு பின்தொடைக்கு உண்டு. அதன் பலம் முன்தொடையின் பலத்தில் 60 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் வெகுநாளாகப் புழங்கும் அளவு. நம் பையன்களோ விடிகாலையில் கண்மாய்க் கரையில் ஓடுகிறார்கள், பஸ்கி எடுக்கிறார்கள். பஸ்கியில் முன்தொடைதான் திரளும். பின்தொடையை யாரும் கவனிப்பதில்லை. தசை பிடித்துக்கொண்டு நொண்டியபடி ஒருவன் களத்தைவிட்டு வெளியேறும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. மழையை நம்பிய காட்டைத் தவிர வேறு பிடிமானம் இல்லாத வீட்டில், காவல்துறையிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பி ஆடுகிறவன் அவன்.

பின்தொடையைப் பலப்படுத்த ஜிம் வேண்டாம். மண்ணில் மண்டியிட வேண்டும். கூட்டாளி ஒருவன் பின்னாலிருந்து இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடுப்பு மடங்காமல், முடிந்த மட்டும் மெதுவாக முன்னால் சாய்ந்து, கடைசியில் கையை ஊன்றிக்கொள்ளலாம். ‘நார்டிக்’ பயிற்சி என்பார்கள். இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் கண்டார்கள். முதல் வாரம் தொடை நன்றாகவே வலிக்கும்; அதனால் நாலைந்து முறையோடு நிறுத்திக்கொண்டு, போகப்போகக் கூட்டலாம். போட்டிக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்.