வேனிற் பள்ளி

உணவில்லார் படும் அல்லலையும் உடையில்லார் படும் அல்லலையும் எடுத்துரைக்கும் பாடல்கள் நம் மொழியிற் பலவுள. துயிலில்லார் படும் அல்லலைக் கூறுவனவும் உளவேனும், அவற்றுட் பெரும்பாலன தலைவனைப் பிரிந்த தலைவியின் துயிலாமையைப் பற்றியனவே. அறை வெந்துபோனமையால் துயிலாதாரைப் பற்றி எம்மனோர் எழுதினாலன்றி எழுதுவாரிலர் போலும். ஆதலின் இவ்வாண்டு மலரில் யாம் அதனையே எழுதப் புகுந்தோம். இலக்கிய மாணாக்கர்க்கு உரிய பொருள் இஃதன்று என்று எம் ஆசிரியர் நகைப்பாராயின் பொறுத்தருள்வாராக.

எம் அன்னையார் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையிற் செவிலியராகப் பணிபுரிபவர். சென்ற ஆண்டுச் சித்திரையில் அவருக்கு இரவுப்பணி முறை வந்தது. இரவு எட்டு மணிக்குச் சென்றால் மறுநாட் காலை எட்டு மணிக்கு மீள்வார். ஊர் துயிலும் பொழுது அவர் விழித்திருந்தார். ஊர் வேகும் பொழுது அவர் துயில வேண்டியவரானார். எம் இல்லத்தின் கீழ்ப்பகுதி ஒரே கூடம். அங்கே ஆச்சியும் தங்கையும் யாமும் இருப்போம். வருவாரும் போவாரும் இருப்பர். வாயிலை ஒட்டியே தெரு. மீன் விற்பார் குரல் கேட்டு விழியாத துயில் அக்கூடத்தில் எவர்க்கும் வாய்த்ததில்லை. ஆகவே மாடியில் உள்ள ஓரறையே அன்னையார்க்குப் பள்ளியறை. அதன் கூரை ஐந்தங்குலக் கான்கிரீட் தளம்; கிழக்கே ஒரு சாளரம், மேற்கே ஒரு சாளரம். அத் தளத்தின் மேலுள்ள தட்டட்டியில் நண்பகலில் வெறுங்காலோடு நிற்றல் எவர்க்கும் இயலாது.

முதல் வாரத்தில் அவர் பத்து மணிக்குக் கண்ணயர்ந்து பன்னிரண்டுக்கு எழுந்துவிடுவார். தலையணை நனைந்திருக்கும். ‘போதும், தூங்கிவிட்டேன்’ என்பார். யாமும் அதனை நம்பினோம். நம்புதல் எமக்கும் எளிதாயிருந்தது. ஒரு நாட் காலை அவர் ஆச்சியிடம் மெல்லக் கூறியது எம் செவியில் விழுந்தது. முந்தைய இரவு மூன்று மணியளவில் ஒரு நோயாளியின் சீட்டில் எழுதியிருந்த மருந்தளவை மும்முறை படித்தும் அது மனத்திற் பதியவில்லையாம். உடனிருந்த செவிலியரை அழைத்து உரக்கப் படிக்கச் சொல்லி, அதன் பின்னரே ஊசியில் மருந்தை ஏற்றினாராம். தவறொன்றும் நேரவில்லை. எனினும் அன்று முழுதும் எமக்குப் புத்தகத்தில் மனஞ் செல்லவில்லை. கட்டிலிற் கிடக்கும் ஒரு நோயாளியின் நலமும் எம் வீட்டுத் தளத்தின் வெப்பமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன என்பதனை அன்றே உணர்ந்தோம்.

அறையைக் குளிர்விப்பதென்று யாமும் தங்கையும் துணிந்தோம். துணிவுக்கேற்ற அறிவு முதற்கண் எம்மிடம் இல்லை. பழைய மின்விசிறியை நீக்கி விரைந்து சுழலும் புதியதொன்றை மாட்டுவித்தோம். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதன்று. வியர்வையை விரைந்து உலர்த்துவதே அதன் தொழில். தளத்தை ஒட்டி நின்ற வெங்காற்றை அது வாரிக் கீழே கொணர்ந்து அன்னையாரின் மேற் பொழிந்தது. அடுத்து, வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டு அறையைக் குளிரச்செய்வர் என்று கேள்வியுற்றிருந்தமையால், வேர்த் தட்டிக்கு மாறாகப் படுக்கை விரிப்பு நான்கினை நனைத்து அறையினுட் கொடி கட்டி உலர்த்திச் சாளரங்களையும் அடைத்துவிட்டோம். அரைமணி நேரம் அறை இனிதாயிருந்தது. அதன் பின்னர் ஈரம் வெளியேற வழியின்றி அவ்வறை இட்டிலிக் கொப்பரை போல் ஆயிற்று. மூச்சு முட்டி எழுந்து வந்த அன்னையார், எம் முகத்தைக் கண்டு சினவாது, ‘ஐயா, என்னை அவித்து எடுக்கவா பார்த்தாய்?’ என்று மட்டும் கேட்டார். அச்சொல் இன்றும் எம்மைச் சுடும்.

பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர் எம் பிழையை விளக்கினார். ஒரு கிராம் நீர் ஆவியாதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றினின்றே நீர் கவர்ந்துகொள்கிறது. ஆயின் உலர்ந்த காற்று புறத்திருந்து புகுந்து ஈரக்காற்று மறுபுறம் வெளியேறினாலன்றி அக்கவர்ச்சி விரைவில் நின்றுவிடும். வேர்த் தட்டியைச் சாளரத்தின் வாயிலிலே கட்டுவதன் காரணம் இதுவே. மேலும் ஒன்று கூறினார். துயிலும் பொழுது மனிதனுடைய உள்வெப்பம் சிறிது தாழ்தல் இயற்கை; கை கால்களின் வழியே அவ்வெப்பம் வெளியேற வேண்டும். இரவில் உடல் தானே அதற்கு இசைந்து நிற்கும். பகலிலோ உடலின் வெப்பம் இயல்பாகவே ஏறுமுகமாயிருக்கும். ஆதலின் பகலில் துயில்வோர் வெயிலோடு மட்டுமன்றித் தம் உடலோடும் போராடுகின்றனர். இதனைக் கேட்ட பின்னர், அன்னையார் இரண்டு மணி நேரமேனும் துயின்றதே வியப்பாயிற்று.

குளிரூட்டும் பொறி வாங்கலாகாதோ என்று நீவிர் வினவலாம். வீட்டுக் கடனுக்குரிய தவணை தீரும் வரை அப்பேச்சு வேண்டா என்று எந்தையார் முன்னரே கூறிவிட்டார். அண்டை வீட்டில் அப்பொறி உண்டு. அது வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளிருப்பதை வெளியே தள்ளுகிறது. தான் உழைத்த வெப்பத்தையும் அதனோடு கூட்டித் தள்ளுகிறது. அங்ஙனம் தள்ளப்படுவது எம் மேற்குச் சாளரத்தின் நேர் எதிரே என்பதனைக் குறைகூறலாக அன்றிச் செய்தியாகவே இங்கே பதிவு செய்கின்றோம்.

நண்பர் ஓர் அறை வெப்பமானியையும் இரவல் தந்தார். பகல் இரண்டு மணிக்கு அது 38 பாகை காட்டிற்று. வியப்பு அதுவன்று. மாலை ஆறு மணிக்கு வெளியே காற்றுத் தணிந்த பின்னும் அறையினுள் அது இறங்கவேயில்லை. கட்டிலின்மேல் நின்று கையை உயர்த்தினால் தளத்தினின்று வெம்மை இறங்குதல் உள்ளங்கையில் தெரிந்தது. பகலெல்லாம் உண்ட வெயிலைக் கான்கிரீட் சில நாழிகை கழித்தே கீழே உமிழ்கின்றது. யாம் பகைத்திருந்த காற்று உண்மைப் பகையன்று. பகை தலைக்கு மேலே இருந்தது.

அவ்வமயம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆச்சியின் ஊருக்குச் சென்றோம். நாசரேத்தை அடுத்த பனங்காட்டுச் சிற்றூர் அது. அங்கே ஆச்சியின் பழைய வீட்டில் மின்விசிறி ஓடாமலே நண்பகலில் உறங்கினோம். ஒன்றரை அடி அகல மண்சுவர். பனங்கைகளின்மேல் நாட்டு ஓடு. ஓடுகளின் இடுக்குகள் வழியே மேலேறிய வெங்காற்றுத் தானே போய்விடுகிறது. தாழ்ந்த இறவாணம் சுவரில் வெயில் படாமற் காக்கின்றது. சிறு வயது முதல் அவ்வீட்டை அறிவோமெனினும் அன்றுதான் அதனைக் கண்டோம் எனல் வேண்டும். பாளையங்கோட்டையில் உள்ள பழைய மிஷன் பங்களாக்களும் இவ்வகையினவே. 1820இல் இரேனியுஸ் ஐயர் இவ்வூருக்கு வந்த காலத்திற்குப் பின் எழுந்த அத்தகைய கட்டடங்களில் உயர்ந்த கூரையும், சுற்றிலும் அகன்ற தாழ்வாரமும், சுவரின் உச்சியில் வெங்காற்றுப் போக்கும் சிறு சாளரங்களும் காணலாம். தேக்குக் கட்டைகளின்மேற் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கற் சல்லியும் கொட்டி இடித்து, மேலே தட்டோடு பதிக்கும் முறையை மதராஸ் டெரஸ் என்பர். அதன் கனமே அதற்குக் குடை. இவ்வளவு செய்தும் வேனிலில் அத்துரைமார் மலையேறினர் என்பதும் உண்மையே. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனார் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினர். இடையன்குடித் தேரி மணலில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல் ஐயரும் 1891இல் அம்மலையிலேயே காலமானார். மலையேற வழியில்லாதார் தளத்தோடுதான் வழக்காட வேண்டும்.

மீண்டு வந்த இரவில் தேர்வுக்காக நெடுநல்வாடையைப் புரட்டினோம். கூதிர்காலத்து மூதூரைப் பாட வந்த நக்கீரர், பயனற்றுத் தொங்கிய விசிறிகளிற் சிலந்தி நூல் சூழ்ந்தமையையும், வேனிற் பள்ளியில் தென்றலைக் கொணரும் சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடந்தமையையும் கூறுகின்றார். முந்தைய ஆண்டு இப்பகுதிக்கு உரை எழுதி நன்மதிப்பெண் பெற்றோம். பொருள் விளங்கியதோ என்றால் இல்லை. இன்ன காலத்தில் இன்ன காற்றை விடுக, இன்ன காலத்தில் அடைக்க என்று சாளரத்திற்கும் பொழுது வகுத்தவர் அவ்வீட்டார். யாமோ காலை முதல் மாலை வரை இரு சாளரங்களையும் அகலத் திறந்து வைத்து, 39 பாகை வெங்காற்றை விருந்தாக அழைத்துக்கொண்டிருந்தோம். இரவில், அறையில் ஒருவரும் இல்லை என்று கள்ளர்க்கு அஞ்சி அவற்றை அடைத்தும் வைத்தோம். நேர் மாறாகச் செய்திருக்கின்றோம்! அன்னையார் இல்லாத இரவே அறையைக் குளிர்விக்கத்தக்க பொழுது. இரவு முழுதும் திறந்துவைத்தால் சுவரும் தரையும் கட்டிலும் தண்மையை உண்டு நிற்கும். காலை எட்டு மணிக்கு அடைத்துவிட்டால் அத்தண்மையே அவருக்குப் பாயும் போர்வையும் ஆகும்.

ஆச்சி இதற்கு உடன்படவில்லை. ‘அடைத்த வீட்டில் உயிர் எப்படிக் கிடக்கும்?’ என்றார். ஒரு நாள் பார்ப்போம் என்று இரந்து கேட்டுக் கம்பியிட்ட சாளரங்களை இரவிற் றிறந்து வைத்தோம். மறுநாள் காலை அவற்றை ஒரு விரற்கிடை மட்டும் விட்டு அடைத்தோம். திரையை உள்ளே தொங்கவிடாமற் கோணியைச் சாளரத்தின் புறத்தே கட்டினோம். கண்ணாடியைக் கடந்த வெயில் முன்னரே வீட்டுக்குள் வந்ததாயிற்று. அதன் பின் திரையிட்டு என்ன பயன்?

தளத்தின் வேலை எஞ்சி நின்றது. நீர் ஊற்றிப் பார்த்தோம். பத்துக் குடம் கால்மணி நேரத்தில் உலர்ந்தது. குழாயில் நீர் வரும் நாளோ வாரத்திற் சிலவே. 10 கிலோ சுண்ணாம்பு வாங்கி இருமுறை பூசினோம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி எறியும் என்பது மெய். தட்டட்டியில் கண் கூசிற்று, கால் முன்போற் சுடவில்லை. அதற்கு மேலும் வேண்டுமென்று ஆச்சியின் ஊரிலிருந்து முதிய பனையேறி ஒருவரை வரவழைத்தோம். மூன்று கட்டுப் பனையோலையோடு வந்தார். ஓலையைத் தளத்தின்மேல் அப்படியே பரப்பிவிடலாம் என்பது எம் எண்ணம். அவர் நகைத்தார். ‘தட்டட்டியோடு ஒட்டிப் போட்டால் சூடு எங்கே போகும், தம்பி? நடுவே காற்று ஓட வேண்டாமா?’ என்று சொல்லிச் சவுக்குக் கம்பு நட்டு, தோளுயரத்தில் பந்தலிட்டுப் பனைநாரால் இறுக்கினார். வெயில் ஓலையிற் படும். ஓலையின் வெம்மையை இடையே ஓடும் காற்றுக் கொண்டுபோகும். தளம் நிழலிற் கிடக்கும். பௌதிக நண்பர் இரண்டு பக்கத்தில் எழுதிக் காட்டியதனை அவர் ஒரு வினாவில் முடித்தார். உலர்ந்த ஓலையில் தீப்பற்றுமோ என அண்டை வீட்டார் அஞ்சினர், அச்சம் நியாயமானதே, நீர் நிறைந்த இரு வாளிகளைப் பந்தலடியில் வைத்தோம்.

பந்தலிட்ட மூன்றாம் நாள் அன்னையார் ஒன்பது மணிக்கு மாடியேறினார். பஞ்சு மெத்தையை விலக்கிப் பத்தமடைக் கோரைப்பாயை விரித்திருந்தோம். பன்னிரண்டு அடித்தது, படியில் அடியோசை இல்லை. ஒரு மணி, இல்லை. தங்கை மெல்லச் சென்று கதவிடுக்கில் நோக்கி, இறங்கி வந்து விரலை வாயில் வைத்தாள். ஆச்சி குழம்பைத் தாளியாமலே அடுப்பை அணைத்தார். மீன்காரரைத் தெருக்கோடியிலேயே எதிர்கொண்டு, இன்று கூவற்க என்று வேண்டிக்கொண்டோம். அவரும் மிதிவண்டியின் மணியைக் கையாற் பொத்திக்கொண்டு எம் வாயிலைக் கடந்தார். கூடத்தில் மூவரும் பேசாது அமர்ந்திருந்தோம். இரண்டே முக்காலுக்கு அன்னையார் இறங்கி வந்து, கடிகாரத்தை நோக்கி, அது நின்றுவிட்டதோ என்று கேட்டார். வெப்பமானி 34 பாகை காட்டிற்று. நான்கு பாகை என்பது எண்ணிற் சிறிது.

வைகாசி இறுதியில் குற்றாலத்துப் பக்கமிருந்து மேல்காற்று எழுந்தது. ஒரு மாலையில் பந்தலின் பாதி ஓலை தெருவிலும் மறுபாதி அண்டை வீட்டுக் கிணற்றிலும் விழுந்தன. யோனாவின் ஆமணக்குப் போனதே என்று ஆச்சி வருந்தினார். யோனாவுக்கு நிழல் போனபின் வெங்காற்று வந்தது. எமக்கோ தண்காற்று வந்தமையால் நிழல் போயிற்று என்று யாம் அவரைத் தேற்றினோம். கிணற்றிலிருந்து ஓலையை எடுத்துக் கொடுப்பதற்குள் இருட்டிவிட்டது.

இவ்வாண்டும் அன்னையார்க்குச் சித்திரையிலேயே இரவுப்பணி வருமெனத் தெரிகிறது. பனையேறிப் பெரியவர்க்குச் சொல்லியனுப்பிவிட்டோம். இம்முறை நான்கு கட்டு ஓலையும், கம்புகளைக் கைப்பிடிச் சுவரோடு பிணிக்கத் தடித்த கயிறும் வேண்டுமென்று அவர் மறுமொழி அனுப்பியிருக்கின்றார்.