ஆறிய பின்னும் ஆறாத உலோகம்

உலோகத்தை அச்சிட்டு எடுக்கிறார்கள் என்பது நம் வட்டாரத்துக்குப் புதிய செய்தியன்று. நாம் வசிக்கும் நாவலூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே சென்றால் தரமணி. அங்கே சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எந்திரத்தைப் பொருத்தி, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி ஒன்றைச் சோதனையாகச் செலுத்தியது. அதே மாதம் 9ஆம் நாள் இஸ்ரோ, பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்ட எந்திரத்தை அவ்வாறே செய்து 665 நொடிகள் இயக்கிப் பார்த்தது. முன்பு 14 பாகங்களாக இருந்தது ஒன்றாயிற்று. 19 பற்றவைப்புகள் தேவையற்றுப் போயின.

இச்செய்தியைப் படித்த மாணவர் ஒருவர், “அப்பாவுக்கு லேத் பட்டறை, ஐயா. இனி அந்த வேலை இருக்குமா?” என்று கேட்டார். தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என ஒதுக்க மனம் வரவில்லை, தேடிப் படித்தோம்.

உலோகத் தூளை லேசர் கதிர் அடுக்கடுக்காக உருக்குகிறது. உருகியது கண்ணிமைக்கும் முன் உறைகிறது. உறையும் அடுக்கு சுருங்க முயல, கீழே முன்னரே இறுகிய அடுக்கு அதைத் தடுக்கிறது. அந்த இழுபறி பொருளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தொட்டால் குளிர்ந்திருக்கும், உள்ளே அடங்கியிராது. அவசரப்பட்டு அடித்தட்டிலிருந்து அறுத்தால் பாகம் வளையும். சில வேளை விரிசலும் காணும். ஆகவே தட்டோடு சேர்த்து உலையில் சூடேற்றி, அவ்விறுக்கத்தைத் தளர்த்திய பிறகே அறுக்கிறார்கள்.

அப்போதும் மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும். பிற பாகங்களோடு பொருந்தும் முகங்களையும் மரைகளையும் கடைந்துதான் துல்லியமாக்க வேண்டும். ஒரு பக்கம் மிகுதியாகச் சீவினால், எஞ்சிய இறுக்கம் விடுபட்டு மறுபக்கம் கோணும். எங்கே, எவ்வளவு எடுப்பது என்றறிந்த ஆள் அங்கே வேண்டும். சுவாமிமலையில் வார்த்த படிமமும் ஆறி, மண் அச்சை உடைத்தவுடன் முழுமை பெறுவதில்லை. அரமும் உளியும் அதன்பின் நெடுநாள் உழைக்கின்றன.

எனினும், பற்றவைப்பவரின் வேலை குறைந்ததை மறைக்கவியலாது. கடைசலுக்கு வேலை உண்டு. ஆனால் அது பழைய வேலையன்று. ஏவூர்தி எந்திரங்களுக்கு உகந்த நிக்கல் கலவைகள் வெட்ட வெட்ட இறுகுபவை. பழைய லேத்தும் சாதாரண உளியும் அவற்றுக்குப் போதா. இதையே அம்மாணவரிடம் சொன்னோம். தரமணி எட்டிய உயரம் பெருமைக்குரியது. அந்தப் பயிற்சி சிறு பட்டறைகளின் வாசலையும் எட்ட வேண்டும் என்பதே நம் கவலை.