ஒரு குரற் கருவியும் பல குரல் இசையும்

கலைஞனுக்கும் அவனது கருவிக்கும் இடையேயுள்ள உறவு எளிதில் வரையறுக்கத்தக்கதன்று. கருவி கலைஞனின் எண்ணத்துக்கு ஏவல் செய்வது போலத் தோன்றினும், பல வேளைகளில் அவ்வெண்ணத்தின் போக்கையே அது நெறிப்படுத்திவிடுகின்றது. குழலில் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே எழுப்பலாம். நாதஸ்வரத்தின் நிலையும் அதுவே. ஆதாரச் சுருதியைத் தாங்குவதற்கு ஒத்து என்னும் வேறொரு கருவி அதற்குத் துணை நிற்க வேண்டியுள்ளது. ஆயினும், கோயில் வீதியில் நள்ளிரவு வேளையில் எழும் இராக ஆலாபனையைக் கேட்டு நிற்பவர் எவரும் அக்கருவிக்கு ஒரு குரல்தானே உண்டு என்று குறைப்பட்டதில்லை. ஒற்றை இழையை வளர்த்துச் செல்வதே எமது இசை மரபின் உயிர்நிலை. மேலைத்தேய இசை மரபோ, ஒருங்கே ஒலிக்கும் பல குரல்களின் இணைவையும் முரணையும் தன் உயிர்நிலையாகக் கொண்டது. அத்தகைய மரபிலே ஒரே குரலுடைய புதிய கருவியொன்று தோன்றியபோது, ஒரு குரல் என்பது குறையா, அன்றி ஒரு நெறியா என்னும் வினா எழுந்தது.

அக்கருவியே கூறுகளாலமைந்த சிந்தசைசர் ஆகும். இளமை முதலே தெரமின் என்னும் மின்னிசைக் கருவியை அமைத்துப் பழகிய றொபேட் மோக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், இசையமைப்பாளரான ஹேர்பேட் டொய்ச்சுடன் இணைந்து 1964ஆம் ஆண்டில் இதன் முதல் வடிவை உருவாக்கினார். அவ்வாண்டு ஒக்டோபரில் நியூ யோர்க்கில் நடைபெற்ற ஒலிப் பொறியியலாளர் மாநாட்டில் அது அறிமுகமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் டொன் புக்லா என்பாரும் விசைப்பலகையை நாடாத வேறொரு வழியில் இவ்வகைக் கருவியை அமைத்துக்கொண்டிருந்தார்.

இக்கருவியின் அடிப்படை விந்தை தருமளவுக்கு எளிமையானது. அலையம் என்னும் கூறு ஒலியலையை எழுப்பும். வடி என்னும் கூறு அவ்வலையின் மேற்றொனிகளுள் வேண்டாதவற்றைக் குறைத்து அதன் சாயலை மாற்றும். விரியலாக்கி அதன் உரப்பை ஆளும். ஒலி எவ்வளவு விரைவில் எழவேண்டும், எந்நிலையிற் தங்கவேண்டும், எவ்வாறு ஓயவேண்டும் என்பவற்றை உறையாக்கி என்னும் நான்காவது கூறு தீர்மானிக்கும். இவை தனித்தனிப் பெட்டிகளாக நிற்பன. இசைப்பவர் தம் விருப்பப்படி அவற்றை வடங்களால் இணைத்துக்கொள்ளல் வேண்டும். இக்கூறுகள் யாவற்றையும் வோல்ற்றளவு என்னும் ஒரே மொழியாற் கட்டுப்படுத்தியதே மோக்கின் சாதனை எனலாம். ஒரு வோல்ற்று கூடினால் மீடிறன் இருமடங்காகும். அதாவது சுரம் ஒரு ஸ்தாயி மேலே செல்லும். ஒரு ஸ்தாயியிற் பன்னிரண்டு அரைச் சுரங்கள் இருத்தலின், ஓர் அரைச் சுரத்துக்கு ஏறத்தாழ 0.083 வோல்ற்றே உரியதாகின்றது.

இக்கணக்கில் இரண்டு இடர்ப்பாடுகள் மறைந்துள்ளன. முதலாவது, நூறில் ஒரு வோல்ற்று பிசகினாலும் சுருதி ஓர் அரைச் சுரத்தின் எட்டிலொரு பங்களவு விலகிவிடும். பயின்ற செவி அதைப் பொறுக்காது. திரான்சிற்றரின் இயல்போ வெப்பநிலையோடு மாறுவது. எனவே அறை சற்றுச் சூடேறினாலும் சுருதி நழுவியது. இரண்டாவது, விசைப்பலகை ஒரு நேரத்தில் ஒரு வோல்ற்றளவை மட்டுமே தந்தது. அலையங்கள் எத்தனை இருப்பினும் அவை ஒன்றுகூடி ஒரே இழையையே இசைக்கும். இரு விரல்களால் இரு கட்டைகளை அழுத்தினாலும் அவற்றுள் ஒன்றே ஒலிக்கும். சுவரளவு உயர்ந்து, நூற்றுக்கணக்கான குமிழ்களோடு நிற்கும் ஒரு கருவி, ஒரு புல்லாங்குழலைப் போல ஒற்றைக் குரலிலேயே பேசிற்று.

இக்கருவியைக் கொண்டு பல குரல் இசையின் பேராசானாகிய யொகான் செபஸ்தியான் பாக்கை இசைக்க முற்பட்டவர் வெண்டி கார்லோஸ். 1939இற் பிறந்த இவர் பிறௌன் பல்கலைக்கழகத்தில் இசையையும் பௌதிகத்தையும் ஒருங்கே பயின்று, பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இசையமைப்புத் துறையிற் பட்டம் பெற்றவர். அக்காலத்து மின்னிசை பெரும்பாலும் ஆய்வுகூடங்களின் எல்லைக்குள் நின்றது. பொதுமக்களின் செவிக்கு அது விளங்காத ஓசையாகவே இருந்தது. புதிய கருவியினால் மக்கள் விரும்பிக் கேட்கும் இசையையும் ஆக்கலாம் என்பதைக் காட்டுவதே கார்லோஸின் நோக்கமாயிற்று. தயாரிப்பாளரான றேச்சல் எல்கைன்ட் இம்முயற்சியிற் துணைநின்றார். விரலின் விசையை உணரும் விசைப்பலகையொன்றை மோக் இவருக்கென அமைத்துக் கொடுத்தார்.

பணி நடந்த முறை மனங்கொள்ளத்தக்கது. எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிப்பதிவுக் கருவியில் முதலில் ஓர் இழை மட்டும் பதியப்பட்டது. பின்னர் அதைக் காதிற் கேட்டவாறே இரண்டாம் இழையும், அவ்விரண்டையும் கேட்டவாறே மூன்றாம் இழையும் பதியப்பட்டன. ஒவ்வோர் இழைக்கும் வடங்களைக் கழற்றி மீண்டும் இணைத்து, குமிழ்களைத் திருப்பி, புதிய சாயலொன்றைத் தேடவேண்டியிருந்தது. ஒரு சிறு பகுதியை இசைத்ததும் நிறுத்திச் சுருதியைச் சரிபார்த்தல் வேண்டும். நழுவியிருப்பின் மீண்டும் இசைத்தல் வேண்டும். ஓர் இசைத்தட்டினை ஆக்குவதற்கு மாதக்கணக்கான உழைப்புத் தேவைப்பட்டது. 1968இல் 'சுவிச்ட்-ஒன் பாக்' என்னும் பெயரில் வெளிவந்த அத்தட்டு, 1970ஆம் ஆண்டின் கிராமி விருதுகளுள் மூன்றைப் பெற்றது. செந்நெறி இசைத்தட்டுகளுட் காண்டற்கரிய அளவில் அது விற்பனையாயிற்று. 1986இல் பத்து இலட்சம் பிரதிகளுக்குரிய சான்றும் அதற்கு வழங்கப்பட்டது.

இவ்வெற்றிக்குப் புதுமைக் கவர்ச்சி ஒரு காரணம் என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் அதுவே முழுக் காரணமாகாது. அதனைத் தொடர்ந்து இதே கருவியால் அவசரமாக ஆக்கப்பட்ட தட்டுகள் பல வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை இன்று நினைக்கப்படுவதில்லை. கார்லோஸின் ஆக்கம் நிலைத்தமைக்குரிய அடிப்படைக் காரணத்தை, ஒரு குரல் என்னும் அக்கட்டுப்பாட்டிலேயே தேடுதல் பொருந்தும்.

அத்தட்டில் இடம்பெற்றவற்றுள் பாக்கின் இரு குரல் இன்வென்ஷன்கள் மூன்றும் அடங்கும். பாக் அவற்றை 1723இல் மாணவர்க்கெனத் தொகுத்தபோது, இரண்டு குரல்களையும் தெளிவுறக் கையாளப் பழகுவதும், பாடுவது போன்ற இசைப்பு முறையை எய்துவதுமே நோக்கம் என்று முகப்பில் எழுதிவைத்தார். பியானோவில் இரு கைகளும் இரு குரல்களை ஒருங்கே இசைக்கும்போது, இடக்கையின் குரல் வலக்கையின் நிழலாகத் தேய்ந்துபோதல் மாணவரிடையே பொதுவாகக் காணப்படும் குறைபாடு. ஒரு குரற் கருவியில் அவ்வாறு நிகழ இடமில்லை. கீழ்க்குரலை இசைக்கும் வேளையில் இசைப்பவரின் முழுக் கவனமும் அதன் மீதே இருக்கும். அக்குரல் எங்கே மூச்செடுக்கின்றது, எச்சுரத்தில் ஊன்றுகின்றது, எச்சுரத்தை மெல்ல விட்டு நகர்கின்றது என்பன யாவும் தனித்தனியே முடிவுசெய்யப்பட வேண்டியவை. மேலும், ஒரு சுரத்தை விடுத்த பின்னரே அடுத்த சுரத்தின் எழுச்சியைத் தெளிவாகப் பெறலாம் என்பதால், ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தோடு அதன் முடிவையும் எண்ணிப்பார்க்கும் பழக்கம் இசைப்பவருக்கு வந்துவிடுகின்றது. பாக் தம் மாணவரிடம் எதனை வேண்டினாரோ, அதனைக் கருவியின் வறுமையே இங்கு கற்பித்தது எனக் கூறின் அது மிகையன்று.

எனினும், அடுக்கிப் பதிதல் ஒன்றே வழியன்று. அடுக்காமல், உண்மையிலேயே ஒற்றைக் குரலை மட்டும் கொண்டு பல குரல்களை உணர்த்துவதும் இயலும். இதற்கும் பாக்கே முன்னோடியாவார். துணைக்கருவி எதுவுமின்றிப் புல்லாங்குழலுக்கென அவர் ஆக்கிய இசைக்கோவையின் முதற் பகுதி, ஏறக்குறைய இடைவெளியின்றி ஓடும் ஒற்றை இழையாகும். அவ்விழை கீழ்ச் சுரத்துக்கும் மேற் சுரத்துக்குமாகத் தாவித் தாவிச் செல்கையில், கேட்பவரின் செவி கீழ்ச் சுரங்களை ஒரு குரலாகவும் மேற் சுரங்களை மற்றொரு குரலாகவும் தொகுத்துக்கொள்கின்றது. இதன் உளவியல் அடிப்படையை அல்பேட் பிறெக்மன் என்னும் கனடிய அறிஞர் ஆராய்ந்தார். உயர்ந்த சுரங்களையும் தாழ்ந்த சுரங்களையும் விரைவாக மாறி மாறி ஒலிக்கச் செய்யின், கேட்பவருக்கு அவை ஒரே தொடராக அமையாமல் இரு தனித்தொடர்களாகப் பிரிந்து கேட்கும் என்பதை 1971இல் அவரும் ஜெஃப்ரி காம்பெலும் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. வேகம் குறைந்தாலோ, சுரங்களின் இடைவெளி ஒடுங்கினாலோ இழை மீண்டும் ஒன்றாகிவிடும். குரல்களின் எண்ணிக்கையை நிச்சயிப்பது கருவி மட்டுமன்று. கேட்பவரின் செவியும் அதிற் பங்குகொள்கின்றது.

கூறுகளாலமைந்த சிந்தசைசரில் ஒற்றைக் குரலோடு இசை ஆக்க முனைவோர் இவ்வுண்மையையே பற்றுக்கோடாகக் கொள்கின்றனர். ஓர் அலையம், ஒரு வடி, ஒரு விரியலாக்கி, சுரங்களை வரிசைப்படுத்தித் தரும் தொடராக்கி ஒன்று: இவ்வளவே கைமுதல். தொடராக்கியில் இரண்டொரு சுரங்களை இரு ஸ்தாயி கீழே இறக்கினால் தாழ்குரல் ஒன்று தோன்றுகின்றது. சில சுரங்களில் மட்டும் வடியைத் திறந்துவிட்டால், அவை வேறொரு கருவியின் குரல் போல முன்வந்து நிற்கின்றன. உறையாக்கியின் எழுச்சியையும் ஓய்வையும் மிகக் குறுக்கினால் அதே குரல் தாளக்கருவியின் தட்டாகின்றது. நீட்டினால் வில்லிசைக் கருவியின் இழுப்பாகின்றது. இவை எல்லாவற்றினும் மேலாக, மௌனத்தின் பயன் விளங்குகின்றது. பல குரல்கள் உள்ளவிடத்து ஒரு குரல் ஓய்ந்தால் மற்றொன்று அவ்விடத்தை நிரப்பிவிடும். ஒரு குரல் மட்டும் உள்ளவிடத்து ஓய்வு என்பது முழு அமைதி. அதை எங்கே வைப்பது என்பது எச்சுரத்தை வைப்பது என்பதற்கு நிகரான வினாவாகின்றது.

பல குரற் கருவிகள் வந்தபின் இக்கட்டுப்பாடு தேவையற்றதாயிற்று. 1978இல் வெளிவந்த புறொபெற்-5 என்னும் சிந்தசைசர் ஒரே நேரத்தில் ஐந்து சுரங்களை இசைத்தது. பின்னர் கணினி எண்ணற்ற குரல்களை எவர் கைக்கும் எளிதாக்கிற்று. இந்நிலையிலும் கூறுகளாலமைந்த கருவி மறையவில்லை. ஜேர்மனியரான டீற்றர் டொப்ஃபர் 1990களின் நடுப்பகுதியில் அறிமுகப்படுத்திய சிறிய அளவிலான கூறுகள் அதற்கு மறுவாழ்வளித்தன. அன்று வேறு வழியின்றி ஏற்கப்பட்ட கட்டுப்பாட்டை இன்று சிலர் தாமே விரும்பி ஏற்கின்றனர். தமிழ் யாப்பிலே தளை என்னும் சொல்லுக்குக் கட்டு என்பதே பொருள். வெண்பாவின் தளையை அறியாது மீறுபவனும், உரைநடையில் எல்லாம் கூறலாம் என்றறிந்தும் வெண்பாவையே தேர்பவனும் ஒருவரல்லர். பின்னவனுக்குத் தளை ஒரு தடையாகாது. எதைச் சொல்லாது விடுவது எனக் கற்பிக்கும் ஆசானாகும்.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நோக்காது விடுதல் நேர்மையாகாது. கார்லோஸின் தட்டில் இடம்பெற்ற மூன்றாம் பிறாண்டன்பேர்க் கொன்சேர்ட்டோவைப் பாக் மூன்று வயலின், மூன்று வியோலா, மூன்று செலோ ஆகியவற்றுக்கும் அவற்றைத் தாங்கும் அடிக்குரற் கருவிகளுக்குமாக எழுதினார். அவ்விசையை மேடையில் நிகழ்த்துவோர் ஒருவரையொருவர் நோக்குவர். ஒருவர் சற்றுத் தாமதித்தால் மற்றவர் காத்திருப்பர். ஒருவரின் உற்சாகம் மற்றவரைத் தொற்றும். ஒலிநாடாவில் அடுக்கிப் பதிபவருக்கு அத்தகைய துணை இல்லை. நேற்றைய தம் குரலுக்கு இன்று தாமே விடையிறுக்க வேண்டும். முன்னே பதிந்த குரல் பின்னே வருவதற்கு விட்டுக்கொடாது. முதலில் நேர்ந்த பிழையை மற்றெல்லாக் குரல்களும் சுமக்கும். எனவே முதற் குரலை இசைக்கும்போதே, இன்னும் பிறவாத குரல்களை உள்ளத்திற் கேட்டு, அவற்றுக்கு இடம் விட்டு இசைக்க வேண்டியுள்ளது. குழுவிசையின் கலகலப்பை இம்முறை இழக்கின்றது என்பது உண்மை. அவ்விழப்புக்கு ஈடாக அது வேண்டி நிற்பது, வரப்போகும் குரலுக்காகத் தன் குரலை அடக்கிக்கொள்ளும் பண்பாகும். சேர்ந்திசைப்போர் மேடையிற் கண்ணாற் கண்டு செய்வதைத் தனித்திருப்பவர் கற்பனையாற் செய்கின்றார்.

இயந்திரம் கலையை உயிரற்றதாக்கும் என்னும் அச்சம் பழையது. முற்றிலும் ஆதாரமற்றது என்று அதனைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் இங்கு உயிர் தங்கியிருப்பது மரத்திலோ திரான்சிற்றரிலோ அன்று. ஓர் இழையை அதன் முதற் சுரத்திலிருந்து இறுதிச் சுரம் வரை பொறுமையுடன் கேட்டு, அடுத்த இழைக்கு இடம் விட்டு நிற்கும் செவியிலேயே அது தங்கியுள்ளது. அச்செவி உள்ளவர்க்கு ஒரு குரல் போதும். அஃது இல்லாதவர்க்கு ஆயிரம் குரல்களும் பெரும் இரைச்சலாகவே முடியும்.