இடது கால் ஒரு சாண் நீளம்

வைகாசி பிறந்ததும் எங்கள் ஊரில் முதலில் வெளியே வருவது ஒரு நோட்டு. சிவப்புத் துணி ஒட்டிய அட்டை போட்ட, நீள வாக்கில் உள்ள கணக்கு நோட்டு. நாட்டாண்மையும் இன்னும் இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண்பிள்ளை ஒருவனுக்கு ஒரு தலைக்கட்டு. அப்பா திண்ணையில் உட்கார்ந்து காசை எண்ணிக் கொடுப்பார். பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு விழும். திரௌபதி அம்மன் கோயிலில் இந்த வருஷம் பாரதம் வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம்.

செய்யாறு பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவு பத்து மணிக்கு மேல் அதே கதை கூத்தாக நடக்கும், விடிய விடிய. கடைசி நாள் காலையில் துரியோதனன் சாகிற படுகளம், சாயங்காலம் தீமிதி. எங்கள் வட்டாரத்துப் புரிசையின் கூத்தைப் பற்றி ஊருலகத்துக்குத் தெரியும். அதைப் பார்த்து அசந்துபோய் எழுதியும் பேசியும் வந்த ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். இதெல்லாம் நான் காலேஜில் படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் எனக்குக் கூத்து என்றால் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிவதற்கு ஊரே ஒப்புக்கொண்ட ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. வேஷம் கட்டுகிற கொட்டகையில் கண்ணாடி பிடிக்கிற வேலை எனக்குக் கிடைத்திருந்தது. பாஞ்சாலி வேஷக்காரர் எங்கள் ஊருக்கு மூன்று வருஷம் தொடர்ந்து வந்தவர். முகத்தை மழமழவென்று வழித்துவிட்டு, அரிதாரத்தை உள்ளங்கையில் குழைத்துக் கழுத்து வரை தேய்ப்பார். பிறகு புருவம். அது வரைகையில் மூச்சை அடக்கிக்கொள்வார். கண்ணாடி ஆடக் கூடாதென்று நானும் அடக்கிக்கொள்வேன். அவர் புடவைக் கொசுவத்தைச் செருகி எழுந்து நின்ற பிறகு, பீடி கேட்டு வெளியே ஆள் அனுப்பிய அதே மனுஷன்தான் இவர் என்று நினைக்கவே முடியாது. துகில் உரிகிற ராத்திரி அவர் கையைத் தூக்கிக் கதறியபோது, முன் வரிசையில் இருந்த என் பாட்டி கூத்து பார்க்கிறோம் என்பதையே மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கற்பூரம் கொளுத்தினார்கள். துச்சாதன வேஷக்காரர் அம்மனை விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் புடவையில் கை வைத்தார்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வரப்புத் தகராறு. ஒரு முழ அகலம் கூட இருக்காது அந்த வரப்பு. அதற்காகச் செய்யாறு கோர்ட்டு வரை போய்வந்தார்கள். கல்யாணம், கருமாதி எதிலும் ஒருவர் வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார். ஆனால் படுகளத்துக்குத் துரியோதனன் செய்தாக வேண்டுமே!

கோயிலுக்கு எதிர்ப் பொட்டலில், மல்லாந்து படுத்த துரியோதனனை ஈர மண்ணாலேயே செய்வார்கள். எங்கள் ஊர் துரியோதனன் நாற்பது அடி. படுகளத்துக்கு முந்தின நாள் காலையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தலையும் மார்பும் குயவர் வீட்டுக்காரர்கள் பொறுப்பு; அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது. வலது கால் மேலத்தெரு, இடது கால் கீழத்தெரு. பெரியப்பா மேலத்தெரு, நாங்கள் கீழத்தெரு. இரண்டு காலுக்கும் நடுவில் நான்கடி இடைவெளி. அண்ணனும் தம்பியும் முதுகைக் காட்டிக்கொண்டு மண் மிதித்தார்கள்.

மண் மிதிப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. தண்ணீர் கூடினால் சரிந்துவிடும். குறைந்தால் வெயிலில் வெடிக்கும். கொஞ்சம் வைக்கோல் தூவி, குதிகால் போட்டுத் திருகி மிதிக்க வேண்டும். பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்தபோது பெரியப்பா ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்:

“தண்ணி பத்தல. ராத்திரிக்குள்ள வெடிச்சிடும்.”

அப்பா மண்ணைப் பார்த்துச் சொன்னார்: “மிதிக்கிறவனுக்குத் தெரியாதா?”

சற்று நேரம் கழித்து மறுபடியும் ஆகாயம்: “இடது கால் நீளமாப் போவுது.”

“ஓடுறவன் கால் நீளமாத்தான் இருக்கும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. ஆனால் சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கையில் கொடுத்து, “எடுத்துக்குனு போயி அளக்கச் சொல்லு” என்றார். அப்பா அளந்தார். ஒரு சாண் கூடுதல். குறைக்கவில்லை.

மறுநாள் விடிகிற நேரம், கண்ணுக்குச் சுண்ணாம்பும் மீசைக்குக் கரியும் பூசிப் படுத்திருந்த அந்த மண் உடம்பைச் சுற்றி வேஷக்காரர்கள் ஓடினார்கள். பீமன் கதையை ஓங்கித் தொடையில் அடித்தான். உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் கொப்பளித்தது. அதைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தல் முடித்தாள். நான் கண்ணாடி பிடித்த அதே முகம். அரிதாரம் வியர்வையில் வழிந்து பாதி கரைந்திருந்தது. முடித்ததும் ஊர் முழுக்கக் கூட்டமாக வந்து மண்ணைக் கிள்ளிக்கொண்டு போனது. நெல் குதிரில் போட்டு வைப்பார்கள். பெரியம்மா ஒரு கைப்பிடி எடுத்தாள். இடது காலிலிருந்துதான்.

கோர்ட்டு வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆகவில்லை. பாரதம் வைக்கிற வருஷம் மட்டும் ஆகாயத்தோடும் மண்ணோடும் பேசிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது ஊரே ஒன்றாக நின்றது என்று எழுதத்தான் கை வருகிறது. பொய். ஏரியில் இறங்கி வண்டல் வெட்டி வண்டியில் ஏற்றியவர்கள் காலனிக்காரர்கள். வண்டி பொட்டலுக்கு வந்ததும் அவர்கள் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுவார்கள். கொடியேற்றத்துக்குப் பறை அடித்ததும் அவர்கள்தான். என் வகுப்பில் படித்த காலனிப் பையன் ஒருவன், துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு வருகிற பாட்டை அடி பிசகாமல் பாடுவான்; எங்கள் தெருவில் ஒருத்தனுக்கும் அது வராது. அவன் ஒரு நாளும் கொட்டகைக்குள் கண்ணாடி பிடித்ததில்லை. அவர்களிடம் வரியும் வாங்குவதில்லை. ஏழைகள் என்று இரக்கப்பட்டுத்தான் வாங்கவில்லை என்று வெகு நாள் நினைத்திருந்தேன். வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும், மண்ணைத் தொட விட வேண்டும் என்பது மீசை முளைத்த பிறகுதான் புரிந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் இப்போது இல்லை. வண்டலை ஜேசிபி கொண்டுவந்து அரை மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. துரியோதனன் காலை மட்டும் இன்னும் காலால்தான் மிதிக்கிறார்கள். போன தடவை நானும் மிதித்தேன். இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இந்த வருஷ வரி இரண்டாயிரம். போனிலேயே அனுப்பிவிட்டேன். நோட்டில் கோடு போட்டாயிற்று என்று நாட்டாண்மையின் மகன் சொன்னான். காலனியில் வரி வாங்கினீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அது அப்படியேதான் இருக்குதுண்ணா” என்றான்.